வாரத்துக்கு இரண்டு மணி நேரம்: அதில் தமிழ் இலக்கணத்தை எப்படிச் சொல்லித்தருவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பிலும், பெரியவர்களுக்கு இணையவழியிலும் தமிழ் சொல்லித்தருகிறேன். புதிதாக வகுப்பெடுக்க வரும் தன்னார்வலர்களும் பெற்றோர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்கு இலக்கணத்தை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளின் தேவை வேறு.

இலக்கணம் சொல்லித்தராமலே மொழி வந்துவிடாதா? நாமெல்லாம் அப்படித்தானே பேசக் கற்றோம்?

நமக்கு அப்படித்தான் வந்தது. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம், வருடத்துக்கு 36 வாரம் வகுப்பு என்றால் மொத்தம் 72 மணி நேரம். தமிழ் பேசும் வீட்டில் ஒரு குழந்தை நாளைக்கு ஆறு மணி நேரம் தமிழைக் கேட்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 72 மணி நேரம் 12 நாளில் முடிந்துவிடும். நம் வகுப்பின் ஒரு வருடம் அந்தக் குழந்தைக்குப் பன்னிரண்டு நாள். காதில் விழுவதை மட்டும் நம்பிக் காத்திருக்க நமக்கு நேரம் கிடையாது.

புரியும்படியான மொழியை நிறையக் கேட்டாலும் படித்தாலும் போதும், இலக்கணம் தானாக ஊறும் என்று 1980களில் ஸ்டீபன் கிராஷன் என்ற அமெரிக்க மொழியியலாளர் வலுவாக வாதாடினார். அதில் பாதி உண்மை என்பது என் எண்ணம். மீதிப் பாதிக்குக் கனடாவைப் பார்க்க வேண்டும். 1965இல் மாண்ட்ரியலுக்குப் பக்கத்தில் உள்ள சான் லம்பேர் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் பிள்ளைகளைப் பாலர் வகுப்பிலிருந்தே பிரெஞ்சில் படிக்கவைத்தார்கள். இந்த முறை நாடு முழுக்கப் பரவியது. பல வருடம் கழித்துப் பார்த்தபோது, பிள்ளைகள் பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சுக் குழந்தைகளுக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருந்தார்கள். பேசும்போதும் எழுதும்போதும் மட்டும் வினைவடிவங்களிலும் சொற்பாலிலும் (ஒரு பெயர்ச்சொல் ஆண்பாலா பெண்பாலா என்பதில்) தடுமாற்றம் போகவே இல்லை. தினமும் மணிக்கணக்கில் மொழியில் மூழ்கியவர்களுக்கே இந்த நிலை. அவர்களை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் 1985இல் சொன்னது இதுதான்: கேட்பது மட்டும் போதாது, பேசவும் எழுதவும் வேண்டிய கட்டாயம் வரும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்பது ஒருவருக்குத் தெரியவருகிறது.

ஆகவே நிறையக் கதை, நிறையப் பேச்சு, அதற்குள்ளேயே இலக்கணத்தின் பக்கம் கண்ணைத் திருப்பிவிடும் சில நிமிடங்கள். என் வகுப்பு இப்படித்தான் நடக்கிறது.

சரி, அப்படியானால் பள்ளியில் நாங்கள் படித்த இலக்கணத்தையே எளிமையாக்கிச் சொல்லலாமா?

புதிய ஆசிரியர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள். நானும் முதல் இரண்டு வருடம் இதைத்தான் செய்தேன்.

பள்ளியில் நமக்குப் பகுபத உறுப்பிலக்கணம் சொல்லித்தந்தார்கள். நடந்தனன் என்ற சொல்லைக் கொடுத்தால் நட + த்(ந்) + த் + அன் + அன் என்று பிரிப்போம். நட பகுதி, த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, கடைசி அன் ஆண்பால் வினைமுற்று விகுதி. எனக்கு இது இன்றும் பிடித்தமான வேலை. ஏற்கெனவே சரளமாகப் பேசும் மொழியைத் திறந்து உள்ளே பார்க்கும் சந்தோஷம் அது. ஆனால் அதைச் செய்வதற்கு முன்பே நமக்கு 'நடந்தான்' தெரியும். மெல்பனிலோ டொராண்டோவிலோ வளரும் எட்டு வயதுக் குழந்தைக்கு 'நட' மட்டும்தான் தெரியும். அது 'நடந்தேன்' என்ற இடத்துக்கு வந்துசேர வேண்டும். நாம் வீட்டைப் பிரித்துக் காட்டுகிறோம், அந்தக் குழந்தைக்கோ கட்டத் தெரிய வேண்டும்.

இலக்கண நூல்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் அதன் பாயிரத்தில் பாடம் சொல்லும் முறைக்கென்றே ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார். ஆசிரியன் அவசரப்படாமல், கோபப்படாமல், முகமலர்ச்சியோடு, 'கொள்வோன் கொள்வகை அறிந்து' சொல்லித்தர வேண்டும் என்கிறார். வாங்கிக்கொள்பவன் எப்படி வாங்கிக்கொள்வான் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எட்டு வயதுக் குழந்தைக்குப் பகுபத உறுப்பிலக்கணம் சொன்ன நான்தான் பவணந்தி பேச்சைக் கேட்கவில்லை.

எந்த வரிசையில் சொல்லித்தருவது?

எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்ற வரிசையை மறந்துவிடுங்கள். முதலாம் வேற்றுமை, இரண்டாம் வேற்றுமை என்ற வரிசையும் வேண்டாம். எதைச் சொல்ல ஒரு குழந்தைக்கு ஆசை அதிகம் என்று பார்த்தால் வரிசை தானாக வரும்.

குழந்தைக்கு முதலில் வேண்டியவை 'வேண்டும்', 'வேண்டாம்', 'இருக்கு', 'இல்லை', 'பிடிக்கும்', 'பிடிக்காது'. பிறகு வா, போ, கொடு, வை போன்ற ஏவல்கள். வேற்றுமைகளில் முதலில் 'கு', ஏனென்றால் 'எனக்கு' இல்லாமல் குழந்தையால் எதையும் கேட்க முடியாது. அப்புறம் 'இல்' (வீட்டில், பையில்), 'ஓடு' அல்லது 'கூட'. 'ஐ' இதற்கெல்லாம் பின்னால்தான்.

'ஐ' ஏன் தள்ளிப்போகிறது என்றால், அது தோன்றுவதைவிடக் கடினம். 'டீ குடித்தேன்' என்கிறோம். 'டீயைக் குடித்தேன்' என்றும் சொல்கிறோம், ஆனால் அப்போது ஒரு குறிப்பிட்ட டீ, மேசைமேல் இருந்த அந்த டீ. 'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்தை வாங்கினேன்' இரண்டுக்கும் இதே வித்தியாசம். ஆளைச் சொல்லும்போது இந்தச் சலுகை கிடையாது: 'அம்மாவைப் பார்த்தேன்' என்றே சொல்ல வேண்டும், 'அம்மா பார்த்தேன்' என்று சொல்ல முடியாது. இந்த விதியை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை, ஆனாலும் நாம் ஒருபோதும் தவறுவதில்லை. இதோடு மரம் மரத்தை ஆவதும், வீடு வீட்டை ஆவதும், ஆறு ஆற்றை ஆவதும் சேர்ந்துகொள்கிறது. அதனால் முதலில் ஆட்களோடு மட்டும் ஆரம்பியுங்கள்: அம்மாவை, அக்காவை, என்னை, உன்னை. பொருள்கள் பிறகு வரட்டும்.

'நான் பசிக்கிறேன்', 'நான் பிடிக்கும்' என்றே சொல்கிறார்கள். எத்தனை தடவை திருத்தினாலும் போகமாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

ஆங்கிலம் பேசி வளரும் பிள்ளைகளிடம் நான் அதிகம் கேட்கும் பிழை இதுதான். ஆங்கிலத்தில் பசிப்பவரும் நான், பிடித்தவரும் நான், தெரிந்தவரும் நான். தமிழிலோ பசி, வலி, தெரிதல், புரிதல், பிடித்தல், கிடைத்தல் எல்லாம் நாம் செய்வதில்லை, நமக்கு நேர்கின்றன. எனக்குப் பசிக்கிறது. எனக்குத் தெரியும். எனக்குத் தலை வலிக்கிறது. எனக்குச் சீட்டுக் கிடைத்தது. இந்த அழகைப் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், பத்து வயதுக்கு மேல் உள்ளவர்கள் ரசித்துக் கேட்பார்கள். ஆனால் ரசித்தவர்களும் அடுத்த நிமிடம் 'நான் பசிக்கிறேன்' என்பார்கள். விளக்கம் தலைக்குப் போகிறதே தவிர நாக்குக்குப் போவதில்லை.

பில் வான்பேட்டன் என்ற ஆய்வாளர் கவனித்த ஒன்று இங்கே உதவும். புது மொழியைக் கேட்பவர்கள், வாக்கியத்தில் முதலில் வரும் பெயரையே செய்பவராக எடுத்துக்கொள்கிறார்கள், அதன் வாலில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. அதனால் பேசவைப்பதற்கு முன்பு, வாலைக் கவனித்தால்தான் பொருள் புரியும் என்கிற வாக்கியங்களைக் கேட்கவைக்க வேண்டும்.

நான் செய்வது இதுதான். பலகையில் இரண்டு படம். ஒன்றில் பாட்டி பூனையைப் பார்த்து முகம் சுளிக்கிறார், பூனை அவரைக் கொஞ்ச வருகிறது. இன்னொன்றில் பாட்டி கொஞ்சப் போகிறார், பூனை சீறுகிறது. நான் ஒரு வாக்கியம் சொல்வேன், பிள்ளைகள் எந்தப் படம் என்று விரலால் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பாட்டிக்குப் பூனையைப் பிடிக்காது.
பாட்டியைப் பூனைக்குப் பிடிக்காது.

இரண்டிலும் பாட்டிதான் முதலில் வருகிறார். முதல் தடவை பாதி வகுப்பு இரண்டாவது வாக்கியத்துக்கும் முதல் படத்தையே காட்டும். நான் 'தப்பு' என்று சொல்லாமல், வாலை மட்டும் அழுத்தி மறுபடி சொல்வேன்: பாட்டியை, பூனைக்கு. நாலைந்து வாக்கியம் போனதும் ஒரு குழந்தை 'ஓ!' என்று கத்தும். அந்த 'ஓ' வந்த பிறகுதான் விதியை ஒரே வரியில் சொல்வேன்: யாருக்குப் பிடிக்குமோ அவருக்குக் 'கு'. பேசவைப்பது அடுத்த வாரம். பத்துப் பேரும் எழுந்து சுற்றிவந்து யாருக்கு எந்தச் சாப்பாடு பிடிக்கும், பிடிக்காது என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், பிறகு வகுப்புக்குச் சொல்ல வேண்டும். ஒரே வகுப்பில் 'எனக்கு', 'உனக்கு', 'அவளுக்கு' நூறு தடவைக்கு மேல் காதிலும் வாயிலும் புரளும்.

பிழை உடனே போய்விடும் என்று சொல்லமாட்டேன். குறையும், திரும்ப வரும், மறுபடி குறையும். மூன்று மாதம் கழித்து இதே பயிற்சியை வேறு படங்களோடு செய்யுங்கள். பாடத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டால் பிழை குறையும், மூன்று தடவை கேட்டால் முறையாக எடுத்துச் சொல்லவும் வரும் என்று நன்னூலே சொல்கிறது.

இறந்தகாலம் பெரிய தலைவலி. படித்தேன், நடந்தேன், ஓடினேன், சாப்பிட்டேன், நின்றேன். இதற்கு விதி இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் விதியாகச் சொல்லித்தந்து பலன் கிடைத்து நான் பார்த்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில் கார்ல் கிரவுல் என்ற ஜெர்மானியர் தமிழ் வினைகளை ஏழு வகையாகப் பிரித்தார். வெளிநாட்டவருக்கான பல இலக்கண நூல்கள் அதையே அடிப்படையாகக் கொண்டன. அகராதி தயாரிப்பவருக்கு அது பொக்கிஷம். எட்டு வயதுக் குழந்தைக்கு 'ஓடு மூன்றாம் வகை' என்பது இன்னொரு பாரம்.

நான் செய்வது: எந்த வினையையும் தனியாகச் சொல்லித்தருவதில்லை. 'படி' என்று சொல்லும்போதே படிக்கிறேன், படித்தேன், படிப்பேன் என்று மூன்றையும் சேர்த்தே வாய்ப்பாடு போலப் பழக்குகிறேன். ஓடு: ஓடுகிறேன், ஓடினேன், ஓடுவேன். நட: நடக்கிறேன், நடந்தேன், நடப்பேன். முப்பது வினை ஆனதும், ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் எழுதி மேசைமேல் கொட்டிவிட்டு, 'ஒரே மாதிரி இருப்பவற்றைச் சேர்த்து வையுங்கள்' என்பேன். பிள்ளைகள் தாங்களே குவியல் போடுவார்கள். படி, அடி, நினை ஒரு குவியல். நட, பற, திற ஒரு குவியல். ஓடு, பாடு, பேசு ஒரு குவியல். 'க்கிற' என்று அழுத்தி வருபவை எதிர்காலத்தில் 'ப்ப' ஆகின்றன, 'கிற' என்று மெல்ல வருபவை 'வ' ஆகின்றன என்பதை ஒரு பெண் குழந்தை கண்டுபிடித்துச் சொன்ன நாள் எனக்கு மறக்காது. நான் அதைச் சொல்லியே தரவில்லை. வா, போ, கேள், நில் மாதிரி எந்தக் குவியலிலும் சரியாக உட்காராதவற்றுக்கு ஒரு தனி டப்பா. அவைதான் தினமும் பேசுபவை, அதனால் சீக்கிரம் பழகிவிடும்.

அட்டை விளையாட்டு நன்றாகப் போனால், 'உடைந்தது', 'உடைத்தான்' ஜோடியைக் காட்டுங்கள். கண்ணாடி உடைந்தது. தம்பி கண்ணாடியை உடைத்தான். கயிறு அறுந்தது, கயிற்றை அறுத்தான். விளக்கு அணைந்தது, விளக்கை அணைத்தான். ஒற்றை மெய்யெழுத்து மாறினால் பழி யார்மேல் என்பதே மாறிவிடுகிறது! 'யார் உடைத்தது?' என்று கேட்டால் 'யாரும் உடைக்கல, அதுவா உடைஞ்சுது' என்று சொல்லக் கற்றுக்கொள்ளும் குழந்தை அந்தப் பாடத்தை மறப்பதே இல்லை.

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா? எதன் இலக்கணத்தை முதலில் சொல்லித்தருவது?

பேச்சு. எனக்கு இதில் தயக்கமே இல்லை.

இது புதுக் கேள்வியும் இல்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, ஐரோப்பியர் தமிழ் கற்பதற்காக லத்தீனில் எழுதிய இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. அவருக்குப் பின் வந்த இத்தாலியப் பாதிரியார் வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், மக்கள் பேசும் கொடுந்தமிழுக்குத் தனியாக ஓர் இலக்கணமும் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியிலேயே அச்சேறியது. தமிழை வெளியிலிருந்து வந்து கற்ற ஒருவருக்கு, இரண்டையும் ஒரே புத்தகத்தில் போட்டுக் குழப்பக்கூடாது என்று அப்போதே தெரிந்திருக்கிறது. தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூரிலும் 2005இல் வந்த பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் முறையான இடம் கொடுத்தார்கள்.

குழந்தை பாட்டியிடம் தொலைபேசியில் 'நான் நாளைக்கு வருகிறேன்' என்று சொன்னால் பாட்டி சிரிப்பார். ஒரு தடவை சிரித்தால் போதும், குழந்தை அடுத்த தடவை ஆங்கிலத்துக்குப் போய்விடும். முதல் இரண்டு வருடம் 'வரேன்', 'போறேன்', 'வந்தாங்க' என்றே பேசட்டும். படிக்க ஆரம்பிக்கும்போது இரண்டுக்கும் பாலம் போடுங்கள்: 'போறேன்' என்று சொல்வோம், 'போகிறேன்' என்று எழுதுவோம். இந்த மாற்றங்கள் பெரும்பாலும் ஒழுங்கானவை. ஒரு மாதம் தொடர்ந்து செய்தால் பிடித்துக்கொள்வார்கள்.

யாருடைய பேச்சு என்றும் கேட்பீர்கள். வீட்டில் பேசும் பேச்சு. யாழ்ப்பாணத்து வீட்டுப் பிள்ளை 'நான் வாறன்' என்றால் அதை 'வரேன்' என்று திருத்தாதீர்கள். அது பிழை இல்லை, அவர்கள் அம்மம்மாவின் தமிழ்.

பிழையை எப்படித் திருத்துவது? திருத்தவே கூடாது என்றும் சொல்கிறார்களே?

நாம் அன்பாகச் செய்யும் திருத்தம் பெரும்பாலும் காற்றில் போகிறது. குழந்தை 'நேத்து நான் கடைக்குப் போறேன்' என்கிறது. நாம் 'ஓ, நேத்து கடைக்குப் போனியா? என்ன வாங்கினே?' என்கிறோம். நம் மனதில் திருத்திவிட்டோம். குழந்தையின் மனதில் அம்மா கேள்வி கேட்டிருக்கிறார்.

ராய் லிஸ்டர், லெய்லா ரன்டா என்ற இருவர் மாண்ட்ரியல் பகுதிப் பிரெஞ்சு வகுப்புகளைப் பதிவுசெய்து 1997இல் இதை எண்ணியே காட்டினார்கள். ஆசிரியர்களின் திருத்தங்களில் பாதிக்கு மேல் இந்த மாதிரிச் சரியாகத் திருப்பிச் சொல்லும் வகை. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றுக்கே மாணவர்களிடமிருந்து ஏதாவது எதிர்வினை வந்தது. சரியான வடிவத்தை மாணவரிடமிருந்தே வரவழைக்கப் பார்த்தபோது நிலைமை தலைகீழ்.

அதனால் 'நேத்தா? நேத்து நான் கடைக்கு...' என்று நிறுத்திப் புருவத்தை உயர்த்துங்கள். 'போனேன்' என்று வரும். வராவிட்டால் 'போறேனா, போனேனா?' என்று இரண்டைக் கொடுங்கள். அதற்கும் வராவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள், அந்த வடிவத்துக்கு அந்தக் குழந்தை இன்னும் தயாராகவில்லை.

கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது குறுக்கே போகாதீர்கள். ஒரு வகுப்பில் ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும் பிடியுங்கள், மற்றதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். எழுத்தில் திருத்துவதால் பயனே இல்லை என்று ஜான் டிரஸ்காட் என்ற ஆய்வாளர் 1996இல் எழுதியபோது பெரிய விவாதம் எழுந்தது. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன், ஆனால் சிவப்பு மையில் குளித்த ஒரு தாளைப் பார்த்துவிட்டு மறுவாரம் வகுப்புக்கு வராத பையனை எனக்குத் தெரியும்.

வேற்றுமை, வினையெச்சம், பெயரெச்சம் என்ற பெயர்களைச் சொல்ல வேண்டுமா?

பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். அவர்களுக்கு 'கு வால்', 'ஐ வால்' போதும். பெரிய பிள்ளைகள் தேர்வு எழுதுவதாக இருந்தால், பயன்படுத்தத் தெரிந்த பிறகு பெயரைச் சொல்லுங்கள். தெரிந்த ஆளுக்குப் பெயர் சொன்னால் நினைவில் நிற்கும்.

பெயரெச்சம் வரவே மாட்டேன் என்கிறதே?

'நேத்து வாங்கின சட்டை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'சட்டை, நான் நேத்து வாங்கினேன், அது' என்று நீட்டுவார்கள். ஆங்கிலத்தில் விளக்கம் பெயருக்குப் பின்னால் வருகிறது, தமிழில் முன்னால். பேச ஆரம்பிக்கும்போதே முழு விளக்கமும் மனதில் தயாராக இருக்க வேண்டும் என்பதால் உண்மையிலேயே கடினம்.

'தொலைந்த பொருள்' விளையாட்டு இதற்கு நன்றாக உதவுகிறது. ஒரு பெட்டியில் நாலு பேனா, நாலு பை, நாலு தொப்பி. ஒருவர் கடைக்காரர். 'எந்தப் பை?' 'கிழிஞ்ச பை.' 'ரெண்டு கிழிஞ்ச பை இருக்கே?' 'அம்மா தைச்ச பை.' பெயரெச்சம் இல்லாமல் பொருளைத் திரும்ப வாங்க முடியாது. பெரியவர்களுக்கு வேறு வழி: ஐந்தாறு வரிப் பத்தி ஒன்றை இரண்டு தடவை வாசியுங்கள், குறிப்பு மட்டும் எடுக்கட்டும், பிறகு இருவர் இருவராக அதைத் திரும்ப எழுதட்டும். எழுதும்போது 'வாங்கிய' வா 'வாங்கி' யா என்று அவர்களுக்குள்ளேயே சண்டை வரும். அந்தச் சண்டைதான் இலக்கண வகுப்பு.

ஒற்று மிகும் இடங்கள்?

படிக்கத் தெரிந்து, விருப்பத்தோடு எழுதவும் ஆரம்பித்த பிறகு. அதற்கு முன்னால் வேண்டாம். 'அதைப் பார்', 'எனக்குக் கொடு' என்று உரக்க வாசிக்கும்போது அந்த அழுத்தத்தைக் காதால் பழக்கினால் பிற்பாடு பாதி வேலை மிச்சம்.

கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சித்தாள்கள் பயன்படுமா?

ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். வாக்கியத்தின் பொருள் தெரியாமலே ஒரு குழந்தையால் அந்த இடத்தை நிரப்ப முடியுமா? 'நான் நேற்று ______ (ஓடு)' என்பதை வாய்ப்பாடு தெரிந்தால் நிரப்பிவிடலாம். 'தம்பி ______ பந்து கொடுத்தான் (அக்கா)' என்பதும் அப்படியே. அதையே ஒரு படத்தோடு 'யார் யாருக்குக் கொடுத்தார்கள்?' என்று கேட்டால் பொருளைப் பார்த்தே ஆக வேண்டும். இரண்டாவது வகைத் தாள்களைத் தயாரிக்க நேரம் ஆகும். ஆனாலும் அதில் ஒன்று முதல் வகையில் பத்துக்குச் சமம்.

விதியை விளக்கிச் சொல்லித்தருவது, சொல்லாமல் விடுவதைவிட நல்ல பலன் தருகிறது என்று நாரிஸ், ஆர்ட்டேகா என்ற ஆய்வாளர்கள் இருவரும் 49 ஆய்வுகளைத் தொகுத்து 2000இல் எழுதினார்கள். அதை மேற்கோள் காட்டி விளக்கத்தையே வகுப்பாக்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த ஆய்வுகளில் பலவற்றின் தேர்வுமுறையே விதி தெரிந்தவருக்குச் சாதகமானது என்று அவர்களே எச்சரித்திருக்கிறார்கள். தாளில் சரியாக நிரப்பும் பிள்ளை பாட்டியிடம் பேசுமா என்பது வேறு கேள்வி.

பெரியவர்களுக்கும் இதே முறைதானா? என் மனைவி வட இந்தியர், தமிழ் கற்க விரும்புகிறார்.

பெரியவர்களுக்கு விளக்கம் கொடுங்கள், அவர்கள் கேட்பார்கள், அது அவர்களுக்கு உதவும். அதைவிட முக்கியம், அவர்கள் மொழியில் ஏற்கெனவே இருப்பதைத் தேடி எடுப்பது.

இந்தி தெரிந்தவருக்கு 'எனக்குப் பசிக்கிறது' கடினமே இல்லை. 'முஜே பூக் லகீ ஹை' என்பதில் 'முஜே' இருக்கிறதே, அதுதான் 'எனக்கு' என்று சொன்னால் முடிந்தது. 'ஐ' கூட எளிது, ஏனென்றால் இந்தியின் 'கோ' ஆளோடு அவசியமாகவும் பொருளோடு குறிப்பிட்டுச் சொல்லும்போது மட்டும் வருவதும் கிட்டத்தட்ட நம் 'ஐ' போலத்தான். அவருக்கு உண்மையில் இடறுவது 'நாம்', 'நாங்கள்'. இந்தியில் இரண்டுக்கும் ஒரே 'ஹம்'. 'நாங்க சாப்பிடப் போறோம்' என்று மாமியாரிடம் சொன்னால் 'நீங்கள் இல்லாமல்' என்று பொருளாகிவிடும். முதல் வாரமே அவருக்கு இதைச் சொல்லிவிடுங்கள், குடும்பத்தில் நல்லது.

மலையாளம் பேசுபவருக்கு வேறு பாடம். அவர்கள் மொழியில் ஞானும் அவனும் அவளும் 'வந்நு'தான், விகுதி கிடையாது. சொற்கள் பாதி தெரிந்திருப்பதால் வேகமாகப் பேசுவார்கள், விகுதியை விழுங்கிவிடுவார்கள். அவர்களோடு முழு நேரத்தையும் 'ஏன்', 'ஆன்', 'ஆள்' என்று அந்த விகுதிகளிலேயே செலவிடலாம். ஸ்பானிஷ் தெரிந்த ஒருவருக்கு 'மே குஸ்தா' என்று நினைவூட்டியதும் 'எனக்குப் பிடிக்கும்' ஒரே நொடியில் விளங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஒரே புத்தகம் எல்லோருக்கும் பொருந்தாது என்று நான் சொல்வது இதனால்தான்.

வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்? எங்களுக்கு இலக்கணமே நினைவில்லை.

நினைவில்லாதது நல்லதுதான், வகுப்பு வேலையை வகுப்பிலேயே விடுங்கள். வாரம் ஒரு வடிவம் என்று நான் எழுதி அனுப்புவேன், அந்த வாரம் சாப்பாட்டு மேசையில் அதற்கு இடம் கொடுங்கள். 'கு' வாரம் என்றால், யாருக்கு என்ன வேண்டும் என்று பரிமாறுபவர் கேட்கட்டும், பரிமாறும் வேலை குழந்தையுடையதாக இருக்கட்டும். இறந்தகால வாரம் என்றால், அன்றைக்கு நடந்ததில் மூன்று விஷயம் நீங்கள் சொல்லுங்கள், அதில் ஒன்று பொய். எது பொய் என்று குழந்தை கண்டுபிடித்த பிறகு, அதன் முறை. அது பிழையாகப் பேசினாலும் கதையை முதலில் கேட்டு முடியுங்கள்.